ஒன்பது மணிக்குக் கிளம்பி 9:40-க்கு வந்து சேரும் விமானம்

பிராங்க்பர்ட்டில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன் ஒரு டிக்கெட்டைப் படம் பிடித்து அனுப்பினான். ஊரிலிருந்து வந்து அவனோடு தங்கியிருந்த அம்மாவுக்காக எடுத்தது. லண்டனில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஒரு வாரம் போய்வரத் திட்டம். பிராங்க்பர்ட்டில் காலை 9:00-க்குக் கிளம்பி லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு 9:40-க்குப் போய்ச் சேருகிறது. திரும்பும்போது மாலை 5:00-க்குக் கிளம்பி இரவு 7:40-க்கு வருகிறது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "போறதுக்கு நாப்பது நிமிஷம், வர்றதுக்கு ரெண்டு மணி நாப்பது நிமிஷமா? கொடைக்கானல் பஸ் மாதிரி ஏத்தம் இறக்கம் இருக்கா என்ன?" என்று கேட்டாராம். அவர் வத்தலக்குண்டுக்காரர்.

சிரித்துவிட்டு நகர வேண்டிய கேள்வி இல்லை இது. இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று கேட்டால் கூகுள் ஒரு நொடியில் இரண்டு எண்களைக் கொடுத்துவிடும். அந்த எண்களை எப்படிப் படிப்பது என்பதில்தான் குழப்பம். இந்த ஹீத்ரோ–பிராங்க்பர்ட் தடத்தையே எடுத்துக்கொள்வோம். லண்டனில் அண்ணன், ஜெர்மனியில் தங்கை என்று பிரிந்து வாழும் ஈழத் தமிழ்க் குடும்பங்களுக்கு இது கிட்டத்தட்ட டவுன் பஸ் ரூட் மாதிரி.

முதலில் கடிகாரத்தை முடித்துவிடலாம். டிக்கெட்டில் இருப்பவை எல்லாம் அந்தந்த ஊர் நேரம். பிராங்க்பர்ட் கடிகாரம் லண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஆக அங்கே 9:00 என்றால் லண்டனில் 8:00. 8:00-லிருந்து 9:40 வரை ஒரு மணி நாற்பது நிமிடம். திரும்பும்போது லண்டன் 5:00 என்றால் பிராங்க்பர்ட்டில் 6:00. அங்கிருந்து 7:40 வரை, அதே ஒரு மணி நாற்பது. கோடையில் கடிகாரத்தை மாற்றுவார்களே என்று கேட்கலாம். பிரிட்டனும் ஜெர்மனியும் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் ஒரே கணத்தில்தான் மாற்றுகின்றன. அதனால் இந்த ஒரு மணி நேர இடைவெளி ஆண்டு முழுக்க அப்படியே இருக்கும்.

கிழக்கே போனால் கடிகாரம் முன்னே போகும் என்று பள்ளியில் படித்ததை மட்டும் நம்பி ஐரோப்பாவில் கணக்குப் போடாதீர்கள். மாட்ரிட் லண்டனுக்கு மேற்கே இருக்கிறது. ஆனாலும் அதன் கடிகாரம் லண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால்தான். ஸ்பெயின் 1940-இல் ஜெர்மனி இருக்கும் நேர மண்டலத்துக்கு மாறியது, பிறகு திரும்பவே இல்லை. பக்கத்து நாடான போர்ச்சுகல் லண்டன் நேரத்தில் இருக்கிறது. பின்லாந்தும் கிரீஸும் லண்டனைவிட இரண்டு மணி நேரம் முன்னால்.

சரி, தூரத்துக்கு வருவோம். ஹீத்ரோவிலிருந்து பிராங்க்பர்ட் சுமார் 655 கிலோமீட்டர். இது யாரும் அளந்து வந்த பாதை இல்லை, பூமி என்னும் உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள மிகக் குறுகிய தூரம். பூசணிக்காயில் இரண்டு இடத்தில் குண்டூசி குத்தி, நூலைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டினால் அது எந்த வழியாகப் போகுமோ அந்த வழி. இதைப் பெருவட்டத் தூரம் என்பார்கள். சுவரில் மாட்டிய தட்டை வரைபடத்தில் அதே நூல் வளைந்து தெரியும், நீண்ட தடங்களில் நன்றாகவே வளையும்.

இதைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம், கஷ்டமில்லை. அட்சரேகையில் ஒரு டிகிரி என்பது சுமார் 111.2 கி.மீ. ஹீத்ரோ வடக்கே 51.47 டிகிரியில் இருக்கிறது, பிராங்க்பர்ட் 50.03-இல். வித்தியாசம் 1.44. அதை 111.2-ஆல் பெருக்கினால் வடக்கு தெற்காக 160 கி.மீ. அடுத்தது தீர்க்கரேகை. ஹீத்ரோ கிரீன்விச்சுக்கு மேற்கே 0.46, பிராங்க்பர்ட் கிழக்கே 8.57. மொத்தம் 9.03 டிகிரி. ஆனால் வடக்கே போகப் போக தீர்க்கரேகைகள் நெருங்கிவிடும், அதனால் இதை அப்படியே 111.2-ஆல் பெருக்கக் கூடாது. இரண்டு ஊருக்கும் நடு அட்சரேகையான 50.75-இன் கொசைன் 0.633. அதையும் சேர்த்துப் பெருக்கினால் கிழக்கு மேற்காக 635 கி.மீ. இனி எட்டாம் வகுப்பு பிதாகரஸ்: 160-இன் வர்க்கத்தையும் 635-இன் வர்க்கத்தையும் கூட்டி மூலம் எடுத்தால் 655.

குறுகிய தூரத்துக்கு இந்தக் குறுக்குவழி தாராளமாகப் போதும். லிஸ்பனிலிருந்து ஹெல்சிங்கி வரை இதே கணக்கைப் போட்டால் 3,430-க்குப் பக்கத்தில் வரும், உண்மையான தூரமோ 3,360 சொச்சம். பூமியின் வளைவு அந்த எழுபது கிலோமீட்டரில்தான் ஒளிந்திருக்கிறது. அவ்வளவு தூரத்துக்குக் கோள முக்கோணவியல் வேண்டும், அதை இணையக் கால்குலேட்டரிடம் விட்டுவிடலாம்.

விமானிகளோ கிலோமீட்டரில் பேசுவதில்லை. அவர்களுக்குக் கடல் மைல்தான் கணக்கு. ஒரு கடல் மைல் 1,852 மீட்டர், ஏறக்குறைய அட்சரேகையில் ஒரு டிகிரியின் அறுபதில் ஒரு பங்கு. நம் தடம் அவர்களுக்கு 354 கடல் மைல். சாலை மைலில் 407. ஒரே தடத்துக்கு மூன்று இணையதளங்களில் மூன்று எண்களைப் பார்த்தால் மிரளாதீர்கள். முதலில் அலகைப் பாருங்கள்.

கூடவே விமான நிலையத்தின் பெயரையும் பாருங்கள். பிராங்க்பர்ட்–ஹான் என்று ஒரு நிலையம் இருக்கிறது. பெயரில்தான் பிராங்க்பர்ட், நகரத்துக்குச் சாலை வழியாக 120 கி.மீ. போக வேண்டும். மலிவு டிக்கெட் கிடைத்த சந்தோஷமெல்லாம் அங்கே பேருந்துக்குக் காத்து நிற்கும்போது இறங்கிவிடும். லண்டனிலும் ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன் என்று பல இருக்கின்றன. ‘லண்டன்–பிராங்க்பர்ட் தூரம்’ என்று தேடினால் எந்த லண்டன், எந்த பிராங்க்பர்ட் என்ற கேள்வி கூடவே வருகிறது.

இப்போது நேரம். ஐரோப்பாவுக்குள் ஓடும் ஏர்பஸ் ஏ320 வகை விமானம் உயரத்தில் மணிக்கு சுமார் 830 கி.மீ. வேகத்தில் போகிறது. 655-ஐ 830-ஆல் வகுத்தால் 47 நிமிடம். அட்டவணையோ 100 நிமிடம் என்கிறது. மீதி 53 நிமிடம் எங்கே போயிற்று? தூரத்தைச் சொல்லும் தளங்கள் பல இந்த 47-க்குப் பக்கத்து எண்ணையோ, அதோடு அரை மணி சேர்த்தோ ‘பறக்கும் நேரம்’ என்று போட்டுவிட்டு ஒதுங்கிவிடுகின்றன. அதனால்தான் டிக்கெட்டும் தளமும் ஒத்துப்போவதில்லை.

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரமே இல்லை. அது கேட்டிலிருந்து கேட் வரைக்குமான நேரம். இத்துறையில் பிளாக் டைம் என்பார்கள். மேட்டில் நிறுத்திய லாரிக்குச் சக்கரத்தடியில் கல் வைப்போம் அல்லவா, அதுபோல நிற்கும் விமானத்தின் சக்கரத்துக்கும் கட்டை வைப்பார்கள். இங்கே கட்டையை எடுத்ததிலிருந்து அங்கே கட்டையை வைக்கும் வரை உள்ள நேரம்தான் இது. நாம் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட் மாட்டிக்கொண்டு, ஜன்னல் வழியே வேறு விமானங்களின் வாலைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரமும் இதில் அடக்கம்.

ஹீத்ரோவிலிருந்து கிளம்பும் ஒரு சாதாரண நாளைப் பார்ப்போம். வண்டி விமானத்தைப் பின்னால் தள்ளிவிடும், என்ஜின் உயிர் பெறும், வரிசையில் ஊர்ந்து போகும். இரண்டே ஓடுபாதைகளை வைத்துக்கொண்டு ஆண்டுக்கு 4,80,000 ஏற்ற இறக்கம் என்ற உச்சவரம்பை ஒட்டியே ஓடும் நிலையம் அது, வரிசை இல்லாமல் இருக்காது. இருபது நிமிடம் இதிலேயே போய்விடும். அப்புறம் பறப்பது ஒரு மணி பத்து நிமிடம். பிராங்க்பர்ட்டில் இறங்கி கேட் வரை போகப் பத்து நிமிடம். கூட்டினால் நூறு.

பிராங்க்பர்ட்டில் அந்தப் பத்து நிமிடம் சில நாள் நீண்டுவிடும். 2011-இல் அங்கே வடமேற்கில் ஒரு ஓடுபாதை திறந்தார்கள், இறங்குவதற்கு மட்டும். அது நிலையத்திலிருந்து தள்ளி, ஏ3 நெடுஞ்சாலைக்கும் அதிவேக ரயில் தண்டவாளத்துக்கும் அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே இறங்கிய விமானம் ஒரு பாலத்தின் மேல் உருண்டு நெடுஞ்சாலையைத் தாண்டி வர வேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் கீழே கார்கள் ஓடுவதைப் பார்க்கலாம். இறங்கியாச்சு என்று போனை எடுத்து வீட்டுக்குச் சொன்னவர், பேசி முடித்த பிறகும் விமானம் உருண்டுகொண்டிருக்கும்.

அது இருக்கட்டும். 47 நிமிடத்தில் பறந்திருக்க வேண்டியது ஏன் 70 நிமிடம் பறக்கிறது? எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

830 கி.மீ. வேகம் என்பது உயரத்தில் மட்டும் கிடைப்பது. பத்தாயிரம் அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்கு சுமார் 460 கி.மீ. என்ற வரம்பு உண்டு. முப்பதாயிரம் அடிக்கு மேல் ஏறி முடிக்க 200 கி.மீ.க்குக் குறையாமல் ஆகும். இறங்குவதையும் இலக்குக்கு 200 கி.மீ. முன்பே தொடங்க வேண்டும், ஓடுபாதைக்கு மேலே வந்து நின்றுகொண்டு தொப்பென்று இறங்க முடியாதே. ஏறுவதும் இறங்குவதுமாகச் சேர்ந்து 400 கி.மீ.க்கு மேல் தின்றுவிட்டால், 655-இல் உண்மையிலேயே உச்ச வேகத்தில் நேராகப் பறப்பது 250 கி.மீ.தான். ஒரு இருபது நிமிடம். காபி வண்டி முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைக்குப் போவதற்குள் முடிந்துவிடும்.

அப்புறம் காற்று. விமானம் பொதுவாகக் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், எதிர்த்துத்தான் இறங்கும். அப்போதுதான் குறைந்த ஓட்டத்தில் இறக்கைக்குத் தூக்குவிசை கிடைக்கும். வடமேற்கு ஐரோப்பாவில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுகிறது. ஹீத்ரோவில் ஆண்டில் பத்துக்கு ஏழு நாள் விமானங்கள் மேற்கு நோக்கித்தான் ஏறுகின்றன. பிராங்க்பர்ட் இருப்பதோ கிழக்கே. ஆக விமானம் போக வேண்டிய ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏறி, இடதுபுறம் திரும்பி, லண்டனின் தெற்கு விளிம்பைச் சுற்றி கென்ட் பக்கம் வந்து, அதன் பிறகே கிழக்கே போகத் தொடங்குகிறது. பிராங்க்பர்ட்டிலும் இதே கதை. மேற்குக் காற்று என்றால் அங்கேயும் மேற்கு நோக்கித்தான் இறங்க வேண்டும். மேற்கிலிருந்து வந்த விமானம் நிலையத்தைத் தாண்டிப் போய், திரும்பி வந்து இறங்கும். இரண்டு முனையிலும் சுற்று. பிதாகரஸ் கொடுத்த 655-இல் இந்தச் சுற்றெல்லாம் கிடையாது.

பிராங்க்பர்ட்டிலிருந்து லண்டனுக்கு வரும் பயணத்தில் இது தலைகீழ். பிராங்க்பர்ட்டில் மேற்கே ஏறும் விமானத்துக்குப் போக வேண்டிய திசையே மேற்குதான். ஹீத்ரோவிலும் கிழக்கிலிருந்து லண்டன் நகரத்தின் மேலாக வந்து அப்படியே நேராக இறங்கிவிடலாம். ஆனால் வழி நெடுக எதிர்க்காற்று. போதாததற்கு ஹீத்ரோவில் கூட்டம். அங்கே இறங்க வரும் விமானங்களைக் காக்க வைப்பதற்கென்றே வானத்தில் நான்கு இடங்கள் உண்டு: போவிங்டன், லாம்போர்ன், பிகின், ஓக்காம். ஒன்றுக்கு மேல் ஒன்றாக, ஆயிரம் அடி இடைவெளியில், இட்லிக் கொப்பரைத் தட்டுகள் போல விமானங்கள் அடுக்கி நிற்கும். நிற்கும் என்றா சொன்னேன்? சுற்றும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய நான்கு நிமிடம். கீழ்த்தட்டில் உள்ளது இறங்கப் போனதும் மேலே உள்ளவை ஒவ்வொரு தட்டாகக் கீழே வரும். பிராங்க்பர்ட்டுக்குப் போகும்போது முனைகளில் இழந்ததும் லண்டனுக்கு வரும்போது காற்றிலும் அடுக்கிலும் இழந்ததும் ஏறக்குறைய சமமாகி, அட்டவணையில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நூறு நிமிடம் என்று வந்து நிற்கிறது.

எனவே அம்மா கேட்ட ஏத்தம் இறக்கம் ஒரு வகையில் இருக்கத்தான் செய்கிறது. சரிவாக இருப்பது காற்று. ஆனால் அவர் நினைத்ததற்கு நேர் எதிர்ப் பக்கம்: நாற்பது நிமிடம் என்று தெரிந்த லண்டன் பயணம்தான் ஏற்றம், நீண்டதாகத் தெரிந்த திரும்புகாலே இறக்கம்.

655 கி.மீ.யில் காற்றின் விளையாட்டு சில நிமிடங்களோடு முடிந்துவிடும். லிஸ்பன்–ஹெல்சிங்கி போன்ற தடத்தில்தான் அதன் முழு உருவம் தெரியும். காற்று சராசரியாக மணிக்கு 80 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம், குளிர்காலத்தில் அது பெரிய விஷயமில்லை. பின்னிருந்து தள்ளினால் வேகம் 910, எதிர்த்து வீசினால் 750. 3,360 கி.மீ.க்கு ஒரு பக்கம் 3 மணி 42 நிமிடம், மறுபக்கம் 4 மணி 29 நிமிடம். ஒரே விமானம், ஒரே தூரம், முக்கால் மணி நேர வித்தியாசம்.

இதையெல்லாம் ஒவ்வொரு முறையும் போட்டுக்கொண்டிருக்க முடியாது. ஐரோப்பாவுக்குள் நான் வைத்திருக்கும் கைக்கணக்கு இது: தூரத்தை 800-ஆல் வகுத்து, முக்கால் மணி நேரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நெரிசலான பெரிய நிலையங்கள் என்றால் ஐந்து நிமிடம் கூடப் போடுங்கள். நம் தடத்துக்கு 49 நிமிடமும் 50 நிமிடமும் சேர்ந்து 99. ஹீத்ரோ–ஏதென்ஸ் சுமார் 2,425 கி.மீ.; மூன்று மணியும் முக்கால் மணியும், மூன்றே முக்கால். அட்டவணையோடு பெரிதாகச் சண்டை வராது. மேற்கே போனால் கொஞ்சம் கூடும், கிழக்கே போனால் கொஞ்சம் குறையும்.

இந்தக் கணக்கு மண்ணைக் கவ்வும் ஒரு தடமும் ஐரோப்பாவிலேயே இருக்கிறது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஓர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாபா வெஸ்ட்ரேக்கு ஒரு குட்டி விமானம் போகிறது. தூரம் 2.7 கி.மீ. அட்டவணையில் இரண்டு நிமிடம், காற்று துணை இருந்தால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே முடித்ததும் உண்டு. உலகில் அட்டவணை போட்டு ஓடும் மிகக் குறுகிய விமானச் சேவை அதுதான். அங்கே வரிசையும் இல்லை, வானத்தில் அடுக்கும் இல்லை.

முனைகள் எவ்வளவு தின்கின்றன என்பதற்கு ஒரு பழைய உதாரணமும் உண்டு. 1919 ஆகஸ்ட் 25-ஆம் தேதி லண்டனுக்கும் பாரிசுக்கும் தினசரி விமானச் சேவை தொடங்கியது. இன்றைய ஹீத்ரோவை ஒட்டியே இருந்த ஹவுன்ஸ்லோ ஹீத் மைதானத்திலிருந்து பாரிசின் லெ பூர்ஜே வரை. மணிக்கு 200 கி.மீ.கூடத் தொடாத, ஒற்றை என்ஜின், இரட்டை அடுக்கு இறக்கை விமானம். சுமார் இரண்டரை மணி நேரம் ஆயிற்று. இன்று ஹீத்ரோவிலிருந்து பாரிசின் சார்ல் த கோல் வரை 347 கி.மீ., அட்டவணையில் ஒரு மணி இருபது நிமிடத்துக்கு அக்கம்பக்கம். வேகம் நான்கு மடங்கு ஆகியிருக்கிறது, நேரம் பாதியாகக் கூடக் குறையவில்லை.

தூரத்தின் எண் பணமாக மாறும் இடம் ஒன்றும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு 261-ஆம் எண் விதிமுறை, விமானம் ரத்தானாலோ ஏற மறுக்கப்பட்டாலோ பயணிக்குத் தர வேண்டிய இழப்பீட்டைத் தூரத்தை வைத்துப் பிரித்தது: 1,500 கி.மீ. வரை 250 யூரோ, ஒன்றியத்துக்குள் அதற்கு மேல் 400 யூரோ. மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்வதையும் நீதிமன்றம் பின்னர் இதில் சேர்த்தது. விமானம் சுற்றிச் சுற்றிப் போனதெல்லாம் கணக்கில் வராது; பெருவட்டத் தூரம்தான் என்று விதிமுறையிலேயே எழுதியிருக்கிறது. பாரிஸ் சார்ல் த கோலிலிருந்து லிஸ்பன் சுமார் 1,470 கி.மீ., 250 வகுப்பு. ஆம்ஸ்டர்டாமிலிருந்து லிஸ்பன் சுமார் 1,850, அது 400. அந்த பூசணிக்காய் நூல் நீதிமன்றம் வரை போகும்.

நேரமும் அங்கே போயிருக்கிறது. சால்ஸ்பர்க்கிலிருந்து கொலோனுக்குத் தாமதமாகப் போன ஒரு விமானம், சக்கரம் தரையைத் தொட்டபோது 2 மணி 58 நிமிடம் பிந்தியிருந்தது. உருண்டு போய் நிற்கும் இடத்தை அடைந்தபோது 3 மணி 3 நிமிடம். வந்து சேர்ந்தது எப்போது? ஐரோப்பிய நீதிமன்றம் 2014 செப்டம்பரில் சொன்ன பதில்: ஒரு கதவாவது திறந்து பயணிகள் இறங்கலாம் என்றாகும்போது. தரையைத் தொட்டதும் இல்லை, கட்டை வைத்ததும் இல்லை, கதவு திறந்ததுதான்.

நண்பனின் அம்மாவுக்கு இதையெல்லாம் சொல்லவில்லை. ஒன்றே முக்கால் மணி நேரப் பயணம், மூன்று மணி நேரம் முன்னால் நிலையத்துக்குப் போய்விடுங்கள், தங்களுக்குள் பாஸ்போர்ட் சோதனை வைக்காத ஷெங்கன் நாடுகளில் ஜெர்மனி இருக்கிறது, பிரிட்டன் இல்லை, அதனால் இரண்டு ஊரிலும் பாஸ்போர்ட் வரிசை உண்டு, பிரிட்டன் விசாவைத் தனியாக எடுத்து வையுங்கள் என்று மட்டும் சொன்னேன். "அப்போ அங்க போனா ஒரு மணி நேரம் கெடைக்குது, திரும்பி வந்தா புடுங்கிக்கிறாங்க" என்றார். ஆமாம் அம்மா என்றேன். புளியோதரை கட்டிக்கொண்டுதான் கிளம்பினாராம்.